கேட் இல்லாத கம்பெனியில் ஒரு கேட் மீட்டிங்

1

சென்ற மாதம் இந்தக் கம்பெனியில் எனக்குப் பத்து வருடம் நிறைந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் ஒரு படம். நீல நட்சத்திரம், அதற்குள் பத்து என்ற எண், கீழே என் பெயர். பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். படத்தைத் தொட்டால் மேலிருந்து கலர் காகிதம் கொட்டியது. கொட்டி முடிந்ததும் திரை பழையபடி ஆகிவிட்டது. அவ்வளவுதான் விழா.

ஐந்து வருடம் முடிந்தபோது தோல் பை கொடுத்தார்கள். மேனேஜர் தோளில் கை போட்டு வெளியே சாப்பிடக் கூட்டிப் போனார். பத்து வருடத்துக்குப் பெயர் பொறித்த கண்ணாடிக் கட்டி தருவது வழக்கம். எனக்கு முன்னால் பத்து முடித்தவர்கள் மேசையில் அதை வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வரவில்லையே என்று நான் அழவில்லை, அதை எங்கே வைப்பது, அடுப்புக்கு மேலேயா? என்னைப் பயமுறுத்தியது படத்துக்குக் கீழே இருந்த வரி: ‘உங்களைக் கொண்டாட ஒரு புதிய, எளிய வழி.’ இந்தக் கம்பெனி எதையாவது எளிமையாக்கிவிட்டோம் என்று சொன்னால், எங்கேயோ ஒன்றைப் பிடுங்கியாயிற்று என்று பொருள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் முழுக்க, “மாமா டப்ளின்ல ஐடி கம்பெனில கீறாரு” என்று சொல்லி வைத்திருக்கிறான். பொய் இல்லை. ஐடி கம்பெனியில்தான் இருக்கிறேன், அதன் சமையலறையில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெய்வேலியில் சுரங்கத்துக் கேண்டீனில் காண்ட்ராக்டில் சேர்ந்து வெங்காயம் உரித்தேன். அப்புறம் சென்னையில் நாலு ஓட்டல். அங்கிருந்து சமையல்காரர் விசாவில் அயர்லாந்து. இங்கே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சில வருடம் வெந்த பிறகு இந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மற்ற கம்பெனிகள் சமையலை வெளியாளிடம் விட்டிருந்த காலத்தில், இவர்கள் சமையல்காரனையும் பாத்திரம் கழுவுகிறவரையும் நேராகத் தங்கள் ஆளாகவே வைத்தார்கள். அதைப் பத்திரிகைகளில் பெருமையாகவும் பேசினார்கள்.

வேலை கிடைத்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். சம்பளம் என்ன என்று கேட்கவில்லை. குளிர் எப்படி என்றும் கேட்கவில்லை. “பர்மனென்ட்டாடா, காண்ட்ராக்டா?” என்றார். நெய்வேலியைச் சுற்றிப் பிறந்தவனுக்கு உலகத்தில் இரண்டே சாதி. பெண் கேட்டு வருகிறவனிடமும் கேட்பார்கள், வீடு வாடகைக்குக் கேட்கிறவனிடமும் கேட்பார்கள். “பர்மனென்ட்டுப்பா” என்றேன். அந்தப் பக்கம் அவர் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது.

2

இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றிருக்கிறேன். ஊர்க்காரத் தம்பி ஒருவன் இங்கே என்ஜினியராக இருக்கிறான், பிரபு. அவன் அரைமணி நேரம் விளக்கினான். நெய்வேலியில் மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுத்து எரித்துக் கரண்ட் ஆக்கினார்கள், கண்ணால் பார்த்தேன். இங்கே எதைத் தோண்டுகிறார்கள், எதை எரிக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. பணம் மட்டும் வந்தது. வந்தபோது வாரி இறைத்தார்கள். மாடிக்கு மாடி பழம், கொட்டை, ஏழு வகைப் பால். துணி துவைத்துத் தர ஆள். முதுகு பிடித்துவிட ஆள். நாயைக் கூட்டி வரலாம், நாய்க்குப் பிஸ்கட் உண்டு.

அப்போது மேலிடத்து மனிதர் பெரிய திரையில் தோன்றி, நாம் ஒரு குடும்பம் என்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பம் என்ற பேச்சு நின்று, நாம் ஒரு விளையாட்டு அணி என்று ஆரம்பித்தார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. குடும்பத்தில் யாரையும் நீக்க முடியாது, அணியில் ஆளை மாற்றலாம் அல்லவா? செல்வியிடம் சொன்னேன். செல்வி என் மனைவி, முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். “ஒனக்கு ஆபீஸ்ல மழை பேஞ்சாலும் பயம், வெயில் அடிச்சாலும் பயம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதலில் முதுகு பிடிக்கிறவர் போனார். அடுத்து துணி துவைப்பு. நாய்ப் பிஸ்கட். பிறகு பாதாம் வெண்ணெய். அன்று நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். காலியான பாதாம் வெண்ணெய் அலமாரிக்கு முன்னால் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் பூ வைத்தார். ஆபீஸ் சாட்டில் நூற்றுக்கணக்கில் அழுமுகம். படித்துப் பட்டம் வாங்கி, நான் வருடத்துக்கு வாங்குவதை மாதத்தில் வாங்குகிறவர்கள், கொட்டையை அரைத்த விழுதுக்குத் துக்கம் கொண்டாடினார்கள். அதே வாரம் துப்புரவுப் பெண்களில் நாலு பேருக்கு வேலை நேரத்தைக் குறைத்தார்கள். அதற்கு ஓர் அழுமுகம் கிடையாது. யாருக்கும் தெரியவில்லை என்று சொல்வார்கள். குப்பைக்கூடை நிரம்பி வழிந்ததே, அதுவுமா தெரியவில்லை?

கம்பெனியிலிருந்து வரும் கடிதங்களை நான் வீட்டுக்குக் கொண்டு போய் மகளிடம் காட்டுவேன். கயலுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் இந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற இழுப்போடு. நான் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். அவள் ஒரே பார்வையில் முடித்துவிடுவாள். “வாழைப்பழம் இனிமே இல்லையாம்ப்பா. அவ்ளோதான்.” இரண்டு பக்கம் எழுதியிருப்பார்களே, வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்பேன். “மத்ததெல்லாம் சும்மா” என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். எனக்காகக் கம்பெனியின் பொய்யை உரித்துத் தருகிற ஆள் அவள்தான். அதற்கு மேல் அப்பாவிடம் அவளுக்குப் பேச எதுவும் இல்லை.

3

அப்புறம் பஸ்ஸுக்கு வந்தார்கள்.

டப்ளினில் வாடகை கொடுத்து எங்களைப் போன்றவர்கள் இருக்க முடியாது. வெகுதூரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். அங்கிருந்து விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஒன்று புறப்படும். வழியில் ஏறுகிறவர்கள் எல்லாம் சமையல், பாத்திரம், துப்புரவு ஆட்கள்தான். என்ஜினியர்களுக்கு நேரம் கழித்து வேறு பஸ், அவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள்.

நான் நெய்வேலியில் இருந்த காலத்தில் சைக்கிளில்தான் சுரங்கத்துக்குப் போவேன். கம்பெனி பஸ்கள் வரிசையாக என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற தலைகள் தெரியும். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறேன். சம்பளத்தைப் பார்த்துப் பட்டதில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு மனிதனுக்குத் தூக்கம் வருகிறது என்றால், அவன் எவ்வளவு நிம்மதியாக இருக்க வேண்டும்! இங்கே பத்து வருடம் நானும் ஜன்னலோரம் தூங்கினேன். வாய் திறந்து தூங்குகிறேன் என்று மார்த்தா படம் எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். மார்த்தா பிரேசில்காரி, எங்கள் பாத்திரம் கழுவும் பகுதியின் ராணி.

கடிதம் வந்தது. பஸ்ஸை ‘சன்செட்’ செய்கிறோம் என்று இருந்தது. சாயங்காலம் மட்டும் ஓடும் போலிருக்கிறது, காலையில் என்ன செய்வது என்று நான் குழம்பினேன். கயல் படித்துவிட்டு, “நிறுத்துறாங்கப்பா” என்றாள். இந்தத் தடவை காதில் மாட்டவில்லை. “நீங்க எப்டி போவீங்க?” என்றாள்.

அதுதான் கேள்வி. எங்கள் ஊரிலிருந்து முதல் அரசு பஸ் ஏறி, நகரத்தில் மாறி வந்தால் கம்பெனிக்கு எட்டே முக்காலுக்குத்தான் வர முடியும். காலைச் சாப்பாடு எட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். கார் செல்வியிடம், அவள் இரவு ஷிப்ட் முடிந்து திரும்புவதற்குள் விடிந்துவிடும். இரண்டாவது கார் வாங்கினாலும் எனக்கு லைசென்ஸ் இல்லை. மூன்று தடவை பரீட்சைக்குப் போனேன். பக்கத்தில் ஓர் அதிகாரி அட்டையோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் என் கால் பிரேக்கை விட மறுக்கிறது. பஸ் போனால் எனக்கு வேலை போயிற்று. கணக்கு அவ்வளவு நேரானது.

கடிதத்தின் கடைசியில் ஒரு சலுகையும் இருந்தது. பஸ்ஸுக்குப் பதிலாக, சைக்கிள் வாங்கினால் கம்பெனி உதவி செய்யும். ஐம்பது கிலோமீட்டர். இருட்டில். மழையில்.

4

பிரபுவிடம் சொன்னேன். அவன் சுரங்கக் கம்பெனி கட்டிய நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அவன் அப்பா அனல்மின் நிலையத்தில் பெரிய பதவி, பெரிய குவார்ட்டர்ஸ், வாசலில் தோட்டம். ஊரில் என்றால் அவன் வீட்டு கேட்டைத் தாண்டி நான் உள்ளே போயிருக்க மாட்டேன். இங்கே செவ்வாய்க்கிழமை நான் இட்லி போடுவேன், அன்றைக்கு அவன் வீட்டிலிருந்து வேலை செய்ய மாட்டான். நல்ல பையன். ஆனால் எதற்கும் ஒரு ஃபார்ம் இருக்கிறது என்று நம்புகிற பையன்.

“ஃபீட்பேக் ஃபார்ம்ல போடுங்கண்ணே. அனானிமஸ்தான், பேரு தெரியாது” என்றான்.

“பேரு தெரியாதுன்னா அப்பறம் யாருக்குத் தம்பி பஸ்ஸு வுடுவான்?” என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு, ஆபீஸ் சாட்டில் எழுதலாம், யாராவது ஆதரவாகக் கட்டைவிரல் போடுவார்கள் என்றான். பாதாம் வெண்ணெய்க்கு அத்தனை பேர் அழுதும் அது திரும்பி வந்ததா என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேட் மீட்டிங்.

டவுன்ஷிப்பில் பிறந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்து கேட்டில் ஷிப்ட் மாறுகிற நேரம் சங்கத்துக்காரர் ஒரு மேடைப்பெட்டி மேல் ஏறி மைக் பிடிப்பார். உள்ளேயிருந்து ஒரு கூட்டம் வெளியே வரும், வெளியேயிருந்து ஒரு கூட்டம் உள்ளே போகும், இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். எதிர்க்கடையிலிருந்து டீ வரும். கையில் சுடுகிற டீ கிளாஸ் இருக்கிறவன் அது காலியாகும் வரை நகர மாட்டான், கடைக்காரனுக்கு கிளாஸைத் திருப்பித் தர வேண்டுமே. அதற்குள் அவர் பேச வேண்டியதைப் பேசிவிடுவார். நான் காண்ட்ராக்ட், சங்கத்தில் இல்லை. ஓரமாக நின்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும் பயம் தெரிந்ததில்லை.

“இங்க கேட்டே இல்லையேண்ணே” என்றான் பிரபு.

“கதவு இருக்குல்ல? அது போதும்.”

அவன் வருவதாகச் சொன்னான். வருகிறேன் என்று சொன்ன விதத்திலேயே எவ்வளவு தள்ளி நிற்பான் என்பதும் தெரிந்தது.

5

என்ன பேசுவது என்று கயல்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் எழுதியிருந்ததில் ‘கைண்ட்லி’ என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் அடித்தாள். “இங்க யாரும் அப்டி பேச மாட்டாங்கப்பா, சிரிப்பாங்க.” கடைசியில் இரண்டே வரி மிஞ்சியது. காலை பஸ் இல்லையென்றால் எங்களால் வேலைக்கு வர முடியாது. பஸ்ஸைத் திருப்பிக் கொடுங்கள். இதை நெட்டுருப் போட்டேன். குளிக்கும்போது, வெண்டைக்காய் நறுக்கும்போது, பஸ்ஸில் தூங்கும்போதுகூட.

காலைச் சாப்பாடு எடுத்து வைத்த கையோடு நாங்கள் ஆறு பேர் சுழல்கதவுக்கு வெளியே நின்றோம். நான், மார்த்தா, துப்புரவுப் பெண்கள் மூன்று பேர், காய்கறி இறக்குகிற கிழவர். இஞ்சி தட்டிப் போட்டு ஏலக்காய் டீ ஒரு பெரிய பாத்திரம். பிரபு வந்தான். எங்களிடமிருந்து இரண்டு கை தூரத்தில், முதுகில் பையைக் கழற்றாமல், யாராவது கேட்டால் இந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம் என்கிற மாதிரி நின்றான்.

கூட்டம் வரவில்லை. எப்படி வரும்? இங்கே ஷிப்ட் கிடையாது, சங்கு கிடையாது. எட்டுக்கு ஒருவர், எட்டேகாலுக்கு இருவர், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட ஆள். காதில் பொத்தானை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். டீயைப் பார்த்ததும் முகம் மலர்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு, அருமை அருமை என்று சொல்லிக்கொண்டே கதவுக்குள் சுழன்று போய்விடுகிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்தது மூடி போட்ட காகிதக் கோப்பை. மூடி இருந்தால் நடந்துகொண்டே குடிக்கலாம். திருப்பித் தரவும் வேண்டாம். நெய்வேலி கேட்டில் ஆயிரம் பேரை நிறுத்தி வைத்தது சங்கத்துக்காரரின் பேச்சு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நின்றது ஒரே ஒருவர். ஓர்லா. கம்பெனி ஆட்களின் நலம் பார்க்கிற பிரிவில் இருப்பவர், சிரித்த முகம். என்ன விசேஷம் என்று கேட்டார். நெட்டுருப் போட்ட இரண்டு வரியில் ‘பஸ்’ என்ற சொல் மட்டும் வெளியே வந்தது. மார்த்தா பக்கத்திலிருந்து மீதியைச் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். ஓர்லா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கண்கள்கூடக் கலங்கின. “நீங்க சொல்றது எனக்குக் கேக்குது” என்றார். கேட்கும்தான், காது இருக்கிறதே. பிறகு எங்களையெல்லாம் நெருங்கி நிற்கச் சொன்னார். போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தார்.

மதியத்துக்குள் அந்தப் படம் கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கிற இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆவி பறக்கும் டீ, ஆறு பேர் பல் தெரிய நிற்கிறோம். படம் எடுக்கிறேன் என்றால் சிரிக்கிற கெட்ட பழக்கம் எல்லா நாட்டுக்காரனுக்கும் இருக்கிறது. மேலே எழுதியிருந்ததைப் பிரபு படித்துக் காட்டினான். ‘சலுகைகள் மாறலாம், நம் பண்பாடு மாறாது. சகஊழியர்களுக்காகத் தாங்களாகவே டீ வழங்கிய நம் சமையல் நண்பர்கள்.’ கீழே முன்னூறுக்கு மேல் இதயம்.

பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதயம் போட்டவர்களில் பிரபுவும் ஒருவன். கேட்டதற்கு, “உங்களுக்கு ஆதரவாத்தாண்ணே போட்டேன்” என்றான்.

6

மாதக் கடைசியில் பஸ் நின்றது. திங்கட்கிழமை நாங்கள் யாரும் போராட்டம் செய்யவில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏது? அவரவர் ஊரிலிருந்து முதல் அரசு பஸ்ஸைப் பிடித்து, வரக்கூடிய நேரத்துக்கு வந்தோம். நான் வழியெல்லாம் நின்றுகொண்டே, வேலையை விட்டு நீக்குவார்கள், விசாத் தொல்லை இப்போது இல்லாவிட்டாலும் வீட்டுக் கடன் இருக்கிறதே, ஊருக்குப் போனால் மைத்துனன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் பயந்து முடித்தேன்.

வந்து பார்த்தால், காலிப் பாத்திரங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. தட்டோடு. ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பு அங்கேயே இருக்கிறது, முட்டை குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வாரம் முழுக்க இதே கதை. பயந்தபடியே ஒரு பக்கம் எனக்கு ஆசையும் வந்தது. இவ்வளவு பேர் பட்டினி கிடந்தால் பஸ்ஸை விடாமலா போவார்கள்?

விடவில்லை. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இனி ‘கைகோத்து’ பதினொன்றரைக்கு ஒரே சாப்பாடாக மலர்கின்றனவாம். காலையில் வயிற்றைக் காயப்போடுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஒரு டாக்டர் பேசும் காணொளியும் கூடவே. எங்கள் ஆறு பேருக்கும் தனியாக ஒன்று: காலை வேலை இல்லாததால் தினமும் இரண்டு மணி நேரம் குறைக்கப்படுகிறது, சம்பளமும் அந்த அளவுக்கு. வேலை போகவில்லை. பர்மனென்ட் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளேயிருந்ததை வழித்து எடுத்துவிட்டார்கள். மார்த்தா அன்றே ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் போனாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருக்கிறாள். நான் கழற்றவில்லை. எனக்கு இருப்பதைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஓர்லா சமையலறைக்கு வந்தார். அந்த டீக்கு அவ்வளவு வரவேற்பாம். மாதம் ஒரு தடவை, காலை எட்டு மணிக்கு, கதவருகே அதே மாதிரி தர முடியுமா என்றார். தன்னார்வமாகத்தான். கரண்டியைக் கீழே வைத்தேன். அன்று சுழல்கதவருகே வராமல் போன இரண்டு வரியும், கயல் திருத்திய உச்சரிப்போடு, அப்படியே வெளியே வந்தன. ஓர்லா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு முந்தின நாளே போட்டு வைத்துச் சூடு பண்ணிக் கொடுக்கலாமே என்றார். முடியாது என்றேன். இந்த நாட்டுக்கு வந்து ஓர் அதிகாரியிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பரவாயில்லை என்று புன்னகையோடு போனார். அரைமணி நேரம் கழித்துத்தான் சூப்பில் உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பிரபு வந்தான். வழக்கமான நேரத்துக்கு வந்து காலி மேசையைப் பார்த்திருக்கிறான். பதினொன்றரைக்கு இட்லி கிடையாது, ரொட்டியும் சூப்பும்தான். வேலை பறிபோனவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றான்.

“அண்ணே, இதை இப்டியே விடக்கூடாது. இன்னொரு கேட் மீட்டிங் போடலாம். இந்தத் தடவை நான் பேசுறேன்.”

“எதுக்குத் தம்பி? பஸ்ஸுக்கா, இட்லிக்கா?”

அவன் காதுமடல் சிவந்தது. முதுகுப் பையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

“ரெண்டுக்கும்தாண்ணே” என்றான். “எல்லாரையும் நான் கூட்டினு வரேன். காலைல எட்டு மணிக்கு நிப்போம்.”

டவுன்ஷிப் பையன் வாயில் ‘கூட்டினு’ என்று எங்கள் பக்கத்துப் பேச்சு வந்ததே என்று பார்த்தேன்.

“ஒம்போதுக்கு வையி” என்றேன். “எட்டுக்கெல்லாம் எனக்கு பஸ் இல்ல.”